ஓவன் கொசுறு வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் "முழு வீடு சுத்தம் செய்து தரப்படும், ஓவன் உட்பட" என்று போடுகிறார்கள். அந்த "உட்பட" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஜன்னல், தரை, குளியலறை, ஒட்டடை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஓவனைக் கொசுறாகச் சேர்ப்பது ஆளைப் பிடிக்க நல்ல வழிதான். ஆனால் வீடு முழுக்கச் செய்யும் வேலையில் பொருள் பாழாகவும், கை வெந்துபோகவும், செய்த வேலைக்குக் கூலி வராமல் போகவும் அதிக வாய்ப்புள்ள இடம் அந்த இரண்டடிப் பெட்டிதான். அதைத் தனி வேலையாக, தனி நேரமும் தனிக் கூலியும் பேசி எடுக்க வேண்டும். முடியாதென்றால் எடுக்கவே கூடாது. வீடு சுத்தம் செய்யும் தொழிலில் இருக்கும் எங்கள் கருத்து இது.

சமையலறைச் சுவரில் படியும் பிசுக்கும் ஓவனுக்குள் படிவதும் ஒன்றல்ல. சுவரில் இருப்பது எண்ணெய், சோப்புத் தண்ணீருக்கு இளகும். ஓவனுக்குள் தெறித்த எண்ணெய் 200 டிகிரியில் திரும்பத் திரும்பக் காய்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. அதற்கு மேல் மாவும் சர்க்கரையும் கருகிய கரி. கரியை எந்தச் சுத்தம் செய்யும் மருந்தும் கரைக்காது. கரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வார்னிஷைத்தான் மருந்தில் உள்ள காரம் (அல்கலி) சோப்பாக மாற்றி இளக்குகிறது. பிடிப்பு விட்டதும் கரி தானாகப் பெயர்கிறது. ஆகவே ஓவன் வேலையில் பாதி, காத்திருப்பது. காத்திருக்க நேரம் ஒதுக்காதவர்தான் இரும்பு நாரை எடுத்துத் தேய்த்து, உட்சுவரின் எனாமல் பூச்சைக் கீறி வைக்கிறார்.

(சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் ஓவன் பளபளக்கும் என்ற வீட்டுக்குறிப்பை இனி வெளியிடாமல் இருந்தால் நல்லது. நுரை பொங்குவது பார்க்க அழகுதான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும், மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். சோடாவை மட்டும் தண்ணீரில் குழைத்து இரவு முழுக்கப் பூசி வைத்தால் மேலோட்டமான பிசுக்குக்குப் போதும், இறுகிய கரிக்குப் போதாது.)

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் போனிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "ஓவன்" என்று அவர்கள் சொல்வது எது? பலர் மைக்ரோவேவையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் ஊறவிட்டு, துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. வெளிக்கூட்டை மட்டும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மேடைமேல் வைக்கும் சிறு ஓவன்களில் உட்சுவர் பெரும்பாலும் எனாமல் கிடையாது, துத்தநாகமோ அலுமினியமோ பூசிய தகடு. காஸ்டிக் எனும் கடுங்காரம் பட்டால் கறுத்துப் பூத்துவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் பொறுமையும்தான் மருந்து. இவை இரண்டும் இல்லாமல், சுவரில் பதித்த அல்லது அடுப்போடு சேர்ந்த பெரிய ஓவன் என்றால்தான் கீழே சொல்லும் கணக்கெல்லாம்.

நேரில் போனதும் மருந்து டப்பாவைத் திறக்கும் முன் டார்ச் அடித்துச் சுவரைப் பார்க்க வேண்டும், விரலால் தடவியும் பார்க்க வேண்டும். கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் சாதாரண எனாமல், காரத்தைத் தாங்கும். பக்கச் சுவரும் பின்சுவரும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக, ஒளியற்ற கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தால் அது கேட்டலிட்டிக் தகடு. அதன் நுண்துளைகளில் உள்ள வினையூக்கி, தெறிக்கும் எண்ணெயைச் சூட்டிலேயே எரித்துவிடும். அதன்மேல் நுரை மருந்து பட்டால் துளை அடைத்துக்கொள்ளும். வெள்ளைத் திட்டாகத் தெரியும், பிறகு அந்தத் தகடு வெறும் தகடுதான். ஸ்பிரே அடித்தபின் "இது எப்படியோ இருக்கிறதே" என்று யோசிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் ரேக் (கம்பித் தட்டு) மாட்டும் பக்கக் கம்பிகளோடு அதே ஸ்க்ரூவில்தான் அந்தத் தகடுகள் நிற்கின்றன. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வழவழப்பான தரையையும் கூரையையும் மட்டும் மருந்தால் சுத்தம் செய்யலாம். தகடுகளைத் திரும்ப மாட்டி, காலி ஓவனை 200 முதல் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் எரியவிடுவதுதான் அவற்றுக்கான சுத்தம். அதற்கும் தேறாத அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தால் புதுத் தகடுதான் வாங்க வேண்டும். இதை வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் சாக்குப்போக்கு போலத்தான் கேட்கும்.

மூன்றாவது வகை, தானே எரித்துக்கொள்ளும் பைரோலிட்டிக் ஓவன். கதவைப் பூட்டிக்கொண்டு 480, 500 டிகிரி வரை ஏறிப் பிசுக்கைச் சாம்பலாக்கிவிடும். இங்கே நாம் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் எப்போது போகிறோம் என்பது முக்கியம். சுழற்சி இரண்டு மணி நேரம் ஓடும், ஆறக் குறைந்தது இன்னும் ஒரு மணி. நாம் போய் நின்றபின் ஓடவிட்டால் அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? முந்தின நாளே வீட்டுக்காரரை ஓடவிடச் சொல்ல வேண்டும். ரேக்குகளை வெளியே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் குரோம் மெருகு போய் நீலம் பாயும். தரையில் தேங்கிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கூண்டுப் பறவை இருந்தால் வேறு அறைக்குக் கொண்டுபோகவும் சொல்ல வேண்டும், அந்தப் புகையைப் பறவையின் நுரையீரல் தாங்காது. மறுநாள் நமக்கு மிஞ்சுவது சாம்பலைத் துடைப்பது, ரேக்குகள், கதவுக் கண்ணாடி, பிறகு கதவைச் சுற்றியுள்ள சீலுக்கு வெளியே சூடு எட்டாத விளிம்பு. பைரோலிட்டிக் ஓவனில் காஸ்டிக் தடவினால், துடைக்காமல் விட்ட துளி அடுத்த சுழற்சியில் எனாமலையே அரித்து நிரந்தரக் கறையாகிவிடும். நீராவிச் சுத்தம் என்ற பொத்தான் உள்ள ஓவன்களில் அரை லிட்டர் அளவுத் தண்ணீர் ஊற்றி அரைமணி ஓடவிடுவது புதுக் கறையைத் தளர்த்தும், அவ்வளவுதான்.

சாதாரண எனாமலுக்கு வருவோம். ஓவன் மருந்தில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அமில-கார அளவைக் காட்டும் பி.எச். 13க்கு மேல். "நெடி இல்லாதது" என்று விற்பவை பல எத்தனாலமைன் என்ற மிதமான காரத்தின் அடிப்படையிலானவை. மெதுவாக வேலை செய்யும், அதற்காகக் கையுறை வேண்டாம் என்று ஆகிவிடாது. முழங்கை வரை வரும் கையுறையும், பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் போட்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. வினிகர் ஊற்றி "முறிக்க" நினைப்பது சூட்டைக் கிளப்பிப் புண்ணைப் பெரிதாக்கும். தூளாக வாங்கிக் கரைப்பவர்கள் தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சையும் ஓவன் வேலைக்கு வைத்திருக்கும் வினிகர் போன்ற அமிலத்தையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

முதலில் ஓவனுக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைத்துவிட வேண்டும். ஓவன் வெதுவெதுப்பாக, 40 டிகிரி அளவில் இருப்பது நல்லது. அதைவிடச் சூடாக இருந்தால் மருந்து ஆவியாகி மூக்கில் ஏறும், மீதி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரே அடிப்பதைவிடக் கூழ் மருந்தைப் பிரஷ்ஷால் தடவுவதே எங்களுக்குப் பிடித்தது, எங்கே படுகிறது என்பது நம் கையில் இருக்கும். தடித்த கரி உள்ள இடத்தில் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் காயாமல் 30 நிமிடம் வேலை செய்யும். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுத்து, துடைத்து, மறுபடி தடவ வேண்டும். ஒரே பூச்சை இரண்டு மணி நேரம் விட்டு வைப்பதில் லாபமில்லை. மேலடுக்கு சோப்பானதும் அந்தச் சோப்பே திரைபோல நின்று மருந்தைக் கீழே போகவிடாது. அரைமணி வீதம் இரண்டு முறை தடவுவது, இரண்டு மணி ஒரே முறை விடுவதைவிட நன்றாக வேலை செய்யும். கடைசியில் ஈரத்துணியை மூன்று நான்கு முறை மாற்றி மாற்றித் துடைத்து, ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஒருமுறை துடைக்க வேண்டும். துடைத்த ஈரத்தில் பி.எச். தாளை ஒற்றிப் பார்த்தால் 7ஐ ஒட்டி நிற்க வேண்டும். 9, 10 காட்டினால் மருந்து இன்னும் இருக்கிறது. அடுத்த சமையலில் நெடி வரும், போன் வரும்.

மருந்து படக் கூடாத இடங்கள்: மேலே ஓடும் சூடேற்றும் எலிமென்ட் கம்பி, ஃபேன், பல்பு, கதவுச் சீல், கூரையோரம் பென்சில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் வெப்ப உணரி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாயை வளைத்துவிட்டால் ஓவன் காட்டும் சூடு ஒன்று, இருக்கும் சூடு வேறொன்று என்றாகிவிடும். வெளிப்பக்கத்தில் குமிழ்களின் எழுத்துகள் ஒரே துடைப்பில் அழிந்துபோகும். கைப்பிடி, கதவு ஓரச் சட்டம் எல்லாம் பல மாடல்களில் அலுமினியம்.

அந்த அலுமினியம்தான் இந்தத் தொழிலில் அதிகம் காவு வாங்கியது. காஸ்டிக்கில் அலுமினியம் கரையும், ஹைட்ரஜன் வாயு குமிழியிடும், வெளியே எடுத்தால் தட்டு கறுத்திருக்கும். மெருகு திரும்ப வராது. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஆனால் மேலே துத்தநாகமோ அலுமினியமோ பூசியிருக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், எவர்சில்வராகவும் இருக்கலாம். தட்டின் அடிமூலையில் ஒரு சொட்டு மருந்து விட்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். சோடா பாட்டிலைத் திறந்தது போலப் பொடிக் குமிழிகள் கிளம்பினால் உடனே கழுவி, அந்தத் தட்டைச் சாதாரண சோப்புக்கு ஒதுக்க வேண்டும். இழுத்தால் நீளும் தண்டவாள ரேக்கையும் ஊறப்போடக் கூடாது. உள்ளே உருளும் குண்டுகளுக்கு இட்ட கிரீஸ் கரைந்து ஓடிவிடும், பிறகு இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும்.

ரேக்குகளை ஊறவைக்கச் சூடேற்றும் தொட்டி வாங்குவதா என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். சூடு 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 65 டிகிரித் தொட்டி, குளிர்ந்த வாளியைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65க்குக் கொண்டுவர 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஒரு மணி 10 நிமிடம் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 50 கிலோ. வண்டியிலேயே தொட்டியைப் பொருத்தி, முதல் வீட்டுக்குப் போகும் முன் சூடேற்றி, நாள் முழுக்க ஓவன் மட்டுமே செய்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். வாரம் ஓர் ஓவன் வரும் ஆளுக்கு, தடித்த பிளாஸ்டிக் பையில் ரேக்குகளைப் போட்டு, கூழ் மருந்து தடவி, கட்டி, வெந்நீர் உள்ள பெரிய டப்பில் கிடத்தினால் போதும். இரண்டுக்கும் நடுவில் நின்று சின்னத் தொட்டி வாங்கியவர்கள் பலரிடம் அது இப்போது துடைப்பம் வைக்கும் தொட்டியாக இருக்கிறது. பயன்படுத்திய காரநீரை மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டக் கூடாது. கெட்டியான சேற்றை வழித்துத் தனியாக அப்புறப்படுத்தி, நீரை உள்ளூர் விதிப்படிதான் வெளியேற்ற வேண்டும்.

கதவைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுதான் இருப்பதிலேயே கடினமான முடிவு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே வழிந்த பழுப்புக் கோடுகளைத்தான் வீட்டுக்காரர் முதலில் காட்டுவார். கதவு மேல்விளிம்பின் காற்றுத் துளை வழியாக எண்ணெயும், முன்பு துடைத்தவர் அடித்த ஸ்பிரேயும் உள்ளே இறங்கியதால் வந்தவை அவை. கதவை முழுதாகத் திறந்தால் இரு கீல்களிலும் ஒரு சிறு கொக்கி தெரியும். இரண்டையும் மடக்கிப் பூட்டிவிட்டு, கதவைப் பாதிக்குமேல் மூடி, தடுக்கும் இடத்தில் நிறுத்தி மேல்நோக்கித் தூக்கினால் கழன்று வரும். பூட்டாமல் தூக்கினால் கீலின் ஸ்பிரிங் படாரென்று மடங்கும், இடையில் விரல் இருந்தால் எலும்பு நொறுங்கும். கதவைத் தரையில் விரித்த தடித்த துண்டின்மேல் கிடத்த வேண்டும், டைல்ஸ்மேல் ஓரத்தில் நிறுத்தக் கூடாது. அது பதப்படுத்திய கண்ணாடி. மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால்தான் அதற்கு அவ்வளவு பலம். ஓரத்தில் ஒரு சின்னச் சிராய்ப்பு அந்தச் சமநிலையைக் குலைத்தால், அன்று ஒன்றும் ஆகாமல், நாலு நாள் கழித்துச் சமைக்கும்போது மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும். கண்ணாடியில் கூரிய உலோகச் சுரண்டியோ சொரசொரப்பான பொடியோ கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் எச்சரிப்பதன் காரணம் இதுதான். புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. கை தேர்ந்தவருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கண்ணாடி உடைந்தால் கையேட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மருந்துக் கூழை இன்னொரு அரைமணி விட்டுவிட்டு பிளாஸ்டிக் சுரண்டி போடுவதே மேல். சூடான கண்ணாடிமேல் குளிர்ந்த துணி வைப்பதும் கூடாது. உட்கண்ணாடிகளைக் கழற்றும்போது எது முன், எது பின், எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். திருப்பி மாட்டினால் வெளிக்கண்ணாடி வழக்கத்தைவிடச் சுடும்.

பின்சுவரைக் கழற்றி ஃபேனைச் சுத்தம் செய்வது எங்கள் எல்லைக்கு வெளியே என்றே வைத்திருக்கிறோம். ஃபேன் நட்டு பல மாடல்களில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்ற வேண்டியது. தெரியாமல் வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகி, மோட்டார் தண்டே முறியும். கேஸ் ஓவனில் வால்வை மூடிவிட்டு, உட்சுவரையும் ரேக்குகளையும் தொடலாம். பர்னரும் ஜெட்டும் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் வேலை.

கூலி பேசும்போது மணிக்கணக்கு வேண்டாம். ஒற்றை ஓவனா இரட்டையா, கண்ணாடி பிரிக்க வேண்டுமா, எத்தனை ரேக் என்று பார்த்து மொத்தமாகப் பேசுவதே இரு தரப்புக்கும் நல்லது. நேரக் கணக்கு நமக்குள் இருக்கட்டும்: பராமரித்த ஓவனுக்கு ஒரு மணி, சாதாரணத்துக்கு இரண்டு, வருடக்கணக்கில் தொடாததற்கு மூன்றுக்கு மேல், கண்ணாடி பிரித்தால் இன்னும் அரைமணி. முன்னதாக ஐந்து நிமிடம் ஓவனை ஓடவிட்டு, சூடாகிறதா, விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று வீட்டுக்காரர் முன்னாலேயே பார்க்க வேண்டும். எனாமல் பெயர்ந்த இடம், துரு, ஏற்கெனவே உள்ள கீறல், வெந்து நிறம் மாறிய குரோம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து, "இவை மாறாது" என்று சொல்லிவிட வேண்டும். காப்பீடு இருக்கிறதே என்று மெத்தனமாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். வீட்டின் மற்றப் பொருளுக்கு நேரும் சேதத்தை ஏற்றுக்கொண்டு, நாம் கைவைத்து வேலை செய்யும் பொருளுக்கே நேரும் சேதத்தை விலக்கிவைக்கும் பத்திரங்கள் உண்டு.

முழு வீட்டு வேலையோடு ஓவனும் ஒப்புக்கொண்டிருந்தால், உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அதுதான். ரேக்குகளை ஊறப்போட்டு, சுவருக்குப் பூச்சு தடவி, குழந்தைகளும் நாய் பூனையும் வராதபடி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளுக்குப் போகலாம், அரைமணிக்கொரு முறை வந்து பார்க்கலாம். கடைசிக்கு வைப்பவர்தான் கிளம்பும் நேரத்தில் இரும்பு நாரோடு மல்லுக்கட்டுகிறார். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் துணி விரிப்பு என்று இரண்டும் வேண்டும். துணி மட்டும் என்றால் ஊறி மரத்தரையில் கறை இறங்கும், பிளாஸ்டிக் மட்டும் என்றால் சொட்டிய மருந்து வழுக்கிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு கதவைத் திறந்து அரைமணி காற்றாட விட வேண்டும். பிறகு பிரேக்கரைப் போட்டு 100 டிகிரியில் 20 நிமிடம், அடுத்து 200 டிகிரியில் 15 நிமிடம், ஜன்னலைத் திறந்துவைத்து ஓடவிட வேண்டும். எலிமென்ட்டுக்குள் நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். முனையில் ஈரம் ஏறியிருந்தால் ஓவனைப் போட்டதும், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துவிடும். விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் நன்றாகக் காயவிட வேண்டும், அதற்குப் பிறகும் விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று. பிரேக்கரை அணைத்ததில் ஓவனின் கடிகாரம் அழிந்து 00:00 என்று மின்னிக்கொண்டிருக்கும். பல மாடல்களில் நேரத்தைச் சரியாக வைக்கும் வரை ஓவன் சூடாகவே ஆகாது. "சுத்தம் செய்யக் கொடுத்தேன், ரிப்பேர் ஆக்கிவிட்டார்கள்" என்று வரும் போன்களில் பல இந்த ஒரு கடிகாரத்தால் வருபவைதான். நேரத்தை வைத்து, வீட்டுக்காரர் பார்க்க ஒருமுறை சூடாக்கிக் காட்டிவிட்டு விரிப்பைச் சுருட்டலாம்.

இப்படிக்கு,
வீடு சுத்தம் செய்யும் தொழிலில் உள்ள வாசகர்கள்